குறைதிறன் கம்பியில்லாக் கண்ணி வலையமைப்பு

குறைதிறன் கம்பியில்லாக் கண்ணி வலையமைப்பு என்பது, சிறு மின்கலங்களால் இயங்கும் பல வானொலிக் கூறகங்கள், ஒன்றின் செய்தியை மற்றொன்று வாங்கிக் கடத்தி, தொலைவிலுள்ள ஒரு மையத்துக்குக் கொண்டுசேர்க்கும் தொடர்பாடல் அமைப்பு ஆகும். இதில் பங்குகொள்ளும் ஒவ்வொரு கருவியும் கணு எனப்படும். ஒரு கணுவின் வானொலி பரப்பும் திறன் பெரும்பாலும் 1 மில்லிவாட்டு அளவிலேயே இருக்கும். ஜிஎஸ்எம் செல்பேசி ஒன்று உச்ச அளவில் 2 வாட்டு வரை பரப்பக்கூடியது என்பதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவாகும்.

வீட்டு விளக்குகள், தெருவிளக்குகள், மின்மானிகள், தொழிற்சாலைக் கருவிகள், பயிர் நிலங்கள் போன்றவற்றைக் கண்காணிக்கவும் கட்டுப்படுத்தவும் இவ்வமைப்பு பயன்படுகிறது. கேரள மாநிலம் மூணாறில் 2008 முதல் நிறுவப்பட்ட நிலச்சரிவு எச்சரிக்கை அமைப்பு, இத்தொழில்நுட்பத்தின் இந்தியப் பயன்பாடுகளுள் குறிப்பிடத்தக்கதாகும்.

பெயர் விளக்கம்

மீன்வலையில் கயிறுகள் ஒன்றையொன்று சந்திப்பதால் உண்டாகும் இடைவெளி கண்ணி எனப்படும். வலையில் ஓர் இழை அறுந்தாலும் மற்ற இழைகள் வலையைத் தாங்கி நிற்கும். அதுபோலவே, இவ்வகை வலையமைப்பில் ஒரு கணு பழுதடைந்தாலும் செய்தி வேறு கணுக்களின் வழியாகச் சென்றுசேரும். ஆங்கில வழக்கில் இது மெஷ் வலையமைப்பு எனப்படுகிறது. எல்லாக் கணுக்களும் ஒரே நடுவத்துடன் நேரடியாகப் பேசும் அமைப்பு விண்மீன் வலையமைப்பு எனப்படும். வீடுகளில் உள்ள வைஃபை அமைப்பு பெரும்பாலும் விண்மீன் வகையைச் சேர்ந்தது.

கூறகத்தின் அமைப்பு

ஒரு கணுவில் பின்வரும் உறுப்புகள் காணப்படும்.

* உணரி: வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம், சாய்வு போன்றவற்றை மின்குறிகையாக மாற்றுவது.
* நுண்கட்டுப்படுத்தி: உணரியின் அளவீட்டைப் பெற்று, எண்ணாக்கி, எப்போது எதை அனுப்புவது என்று முடிவுசெய்யும் சிறு கணிப்பொறி.
* வானொலிச் சில்லு: எண்ணாக்கிய செய்தியை வானலையாகப் பரப்புவதும், பிற கணுக்களின் அலைகளை வாங்குவதும் இதன் பணி.
* அலைவாங்கி: அலையை வெளியில் பரப்பும், உள்ளே வாங்கும் உறுப்பு.
* மின்வழங்கி: மின்கலம், அல்லது சூரிய மின்தகட்டால் மின்னேற்றப்படும் மின்கலம்.

வானொலிச் சில்லு, அதற்கான படிக அலையியற்றி, அலைவாங்கி இணைப்பு ஆகியவை ஒரே சிறு பலகையில் பொருத்தப்பட்டு விற்கப்படும்போது அது வானொலிக் கூறகம் எனப்படுகிறது. மாணவர்களிடையே பரவலாக அறியப்பட்ட எக்ஸ்பீ கூறகம் இத்தகையது. 20 முனைகள் கொண்ட இதன் முனை இடைவெளி 2 மில்லிமீட்டர் ஆகும். சோதனைப் பலகையின் துளை இடைவெளி 2.54 மில்லிமீட்டர் என்பதால், இதை நேரடியாகச் செருக இயலாது. இடையில் ஒரு பொருத்துப் பலகை தேவைப்படும்.

மின்திறன் சிக்கனம்

இவ்வகை வலையமைப்பின் வடிவமைப்பு முழுவதையும் தீர்மானிப்பது மின்கலத்தின் ஆயுளே ஆகும். மலைச்சரிவிலோ வயலிலோ நட்டுவைத்த கணுவுக்கு அடிக்கடி மின்கலம் மாற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது.

முதல் தலைமுறைக் கணுக்களில் பெரிதும் பயன்பட்ட சிசி2420 என்ற வானொலிச் சில்லை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இது 1 மில்லிவாட்டு திறனில் பரப்பும்போது 17.4 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தையும், செய்தியை எதிர்பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சுமார் 19 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தையும் எடுத்துக்கொள்ளும். அதாவது, பேசுவதைவிடக் கேட்பதற்கே கூடுதல் மின்சாரம் செலவாகிறது. யாரும் பேசாத நேரத்திலும் கேட்கும் செலவு குறைவதில்லை.

2,500 மில்லிஆம்பியர் மணி கொள்ளளவு உடைய மின்கலத்தில் இவ்வானொலியை இடைவிடாது இயக்கினால், 2,500 ÷ 19 = ஏறத்தாழ 132 மணி நேரம், அதாவது ஐந்தரை நாட்கள் மட்டுமே தாங்கும். அதே வானொலி நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருந்து, மற்ற நேரத்தில் 0.02 மில்லிஆம்பியர் மட்டுமே எடுத்து உறங்குவதாகக் கொள்வோம். அப்போது சராசரி மின்னோட்டம் 0.21 மில்லிஆம்பியர் ஆகும். மின்கலம் ஏறத்தாழ 11,900 மணி நேரம், அதாவது ஓராண்டும் நான்கு மாதங்களும் தாங்கும். இக்கணக்கு வானொலிக்கு மட்டும் உரியது. நுண்கட்டுப்படுத்தியும் உணரியும் எடுக்கும் மின்சாரத்தையும் சேர்த்தால் ஆயுள் இதைவிடக் குறையும்.

எனவே குறைதிறன் என்னும் சொல் பரப்பும் திறன் குறைவு என்பதைவிட, உறங்கும் நேரம் மிகுதி என்பதையே முதன்மையாகக் குறிக்கிறது.

ஐஇஇஇ 802.15.4 சீர்தரம்

வெவ்வேறு நிறுவனங்களின் கூறகங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒரு பொதுவான சீர்தரம் தேவை. மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇ, 802.15.4 என்ற சீர்தரத்தை 2003 இல் வெளியிட்டது. பின்னர் இது பலமுறை திருத்தப்பட்டது. முதல் பதிப்பின்படி மூன்று அலைவரிசைப் பட்டைகள் வரையறுக்கப்பட்டன.

* 868 மெகாஹெர்ட்சு: 1 தடம், நொடிக்கு 20 கிலோபிட்டு (ஐரோப்பா)
* 915 மெகாஹெர்ட்சு: 10 தடங்கள், நொடிக்கு 40 கிலோபிட்டு (வட அமெரிக்கா)
* 2.4 கிகாஹெர்ட்சு: 16 தடங்கள், நொடிக்கு 250 கிலோபிட்டு (உலகளாவியது)

ஒரு பொதியின் மிகுந்த அளவு 127 பைட்டு ஆகும். 2.4 கிகாஹெர்ட்சு பட்டையில் இவ்வளவையும் அனுப்ப ஏறத்தாழ 4 மில்லிநொடி போதும். வெப்பநிலை அல்லது அழுத்தம் போன்ற ஓர் அளவீட்டுக்குச் சில பைட்டுகளே தேவை என்பதால் இந்த அளவு போதுமானது. ஒலி, நிகழ்படம் ஆகியவற்றுக்கு இது ஏற்றதன்று.

அனுப்பும் முன் தடத்தில் வேறு யாரும் பேசுகிறார்களா என்று கணு கேட்டுப்பார்க்கும். பேச்சு இருந்தால் சற்று நேரம் காத்திருந்து மீண்டும் முயலும். செய்தியைப் பிறர் அறியாதவாறு மறையாக்க 128 பிட்டுச் சாவியுடைய ஏஇஎஸ் முறை பயன்படுகிறது.

கண்ணி முறையில் வழி காணல்

802.15.4 சீர்தரம் அருகருகே உள்ள இரு கணுக்கள் பேசிக்கொள்ளும் முறையை மட்டுமே வரையறுக்கிறது. பல கணுக்களைத் தாண்டிச் செய்தி செல்வதற்கான வழியைக் காண்பது அதன் மேலுள்ள நெறிமுறைகளின் பணியாகும். அவற்றுள் சிக்பீ பரவலாக அறியப்பட்டது. தேனீக்களின் வளைந்து நெளிந்த ஆட்டத்தை நினைவூட்டுவதாக இப்பெயர் அமைந்தது.

சிக்பீ வலையமைப்பில் மூவகைக் கணுக்கள் உண்டு. வலையமைப்பைத் தொடங்கிவைப்பது ஒருங்கிணைப்பி. செய்தியைக் கடத்துவது வழிப்படுத்தி. அளவீட்டை அனுப்பிவிட்டு உறங்கச் செல்வது முனைக் கருவி. ஒரு கணுவுக்குப் புதிய இடத்துக்கான வழி தேவைப்படும்போது, அது வழி கேட்கும் செய்தியைச் சுற்றிலும் பரப்பும். அதைக் கேட்ட ஒவ்வொரு வழிப்படுத்தியும் மேலும் பரப்பும். சேருமிடம் அதற்கு விடையளிக்கும்போது, அவ்விடை வந்த வழியே செய்திக்குரிய வழியாகப் பதிவுசெய்யப்படும்.

சிக்பீ வழிப்படுத்திகள் உறங்க இயலாது. எப்போது யாருடைய செய்தி வரும் என்பது அவற்றுக்குத் தெரியாது என்பதே காரணம். ஆகவே அவற்றுக்கு நிலையான மின் இணைப்போ சூரிய மின்தகடோ தேவைப்படுகிறது. எல்லாக் கணுக்களும் உறங்க வேண்டுமாயின், அவை யாவும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றி, குறித்த நேரத்தில் ஒன்றாக விழிக்க வேண்டும். தொழிற்சாலைகளுக்காக 2007 இல் வெளிவந்த வயர்லெஸ்ஹார்ட் நெறிமுறை இவ்வாறு அமைந்தது.

செய்தியைப் பல சிறு தாவல்களாகப் பிரித்து அனுப்புவதால் மின்சாரம் மிச்சமாகும் என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. நிலத்தை ஒட்டிச் செல்லும் அலையின் திறன், தொலைவு இருமடங்கானால் பதினாறில் ஒரு பங்காகக் குறையக்கூடும். எனவே 100 மீட்டரை இரண்டு 50 மீட்டர் தாவல்களாகப் பிரித்தால், பரப்ப வேண்டிய மொத்தத் திறன் எட்டில் ஒன்றாகும். ஆனால் இடையிலுள்ள கணு கேட்பதற்குச் செலவிடும் மின்சாரம் இக்கணக்கில் சேரவில்லை. அதைச் சேர்த்தால் மிச்சம் பெரும்பாலும் கரைந்துவிடும். தடைகளைச் சுற்றிச் செல்வதும், ஒரு கணு பழுதானால் மாற்று வழி கிடைப்பதுமே கண்ணி முறையின் உண்மையான பயன்களாகும்.

அலைவாங்கியும் சூழலும்

2.4 கிகாஹெர்ட்சு அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். கால் அலைநீள அலைவாங்கியின் நீளம் சுமார் 3.1 சென்டிமீட்டர் ஆகும். இதைவிடச் சிறிய அலைவாங்கி தேவைப்படும் இடங்களில் பீங்கான் சில்லு அலைவாங்கி பயன்படுகிறது. மின்கோடா மாறிலி மிகுந்த பொருளுக்குள் அலைநீளம் சுருங்குவதால், சில மில்லிமீட்டர் அளவுள்ள துண்டே போதுமானதாகிறது. தமிழ்நாட்டின் பீங்கான் தொழில் ஊராகிய விருத்தாசலத்தில் உருவாகும் பொருட்களைப் போன்ற களிமண் பீங்கானிலிருந்து இது வேறுபட்டது. மின்கம்பிகளைத் தாங்கும் களிமண் பீங்கானின் மின்கோடா மாறிலி ஏறத்தாழ 6 ஆகும். அங்கே மின்சாரத்தைத் தடுப்பதே நோக்கம். அலைவாங்கியிலோ அலையைச் சுருக்குவதே நோக்கம் என்பதால், அதற்கெனத் தனிக் கலவைகள் உருவாக்கப்படுகின்றன.

மழைத்துளிகள் இவ்வலைவரிசையை அதிகம் பாதிப்பதில்லை. ஆனால் நனைந்த இலைகள் அலையைக் கணிசமாக உறிஞ்சும். கோடையில் நன்றாக வேலை செய்த இணைப்பு, செடிகொடிகள் வளர்ந்த மழைக்காலத்தில் அறுந்துபோவது உண்டு. வைஃபையும் இதே பட்டையில் இயங்குவதால் குறுக்கீடு ஏற்படும். வைஃபை 1, 6, 11 ஆகிய தடங்களைப் பயன்படுத்தும் இடத்தில், 802.15.4 இன் 15, 20, 25, 26 ஆகிய தடங்கள் குறுக்கீடு குறைந்தவையாக இருக்கும்.

வரலாறு

1990களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், மிகச் சிறிய உணரிக் கணுக்களை உருவாக்கும் ஆய்வுகள் நடைபெற்றன. அங்கு உருவான டைனிஓஎஸ் என்ற இயக்குதளம் இத்துறையில் பரவலாகப் பயன்பட்டது. 2002 இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தை அடுத்த கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் கூடுகளைத் தொந்தரவின்றிக் கண்காணிக்க 32 கணுக்கள் வைக்கப்பட்டன.

சிக்பீ கூட்டணி 2002 இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் நெறிமுறை 2004 டிசம்பரில் ஏற்கப்பட்டது. எக்ஸ்பீ கூறகங்களை உருவாக்கிய மேக்ஸ்ஸ்ட்ரீம் நிறுவனத்தை 2006 இல் டிஜி இன்டர்நேஷனல் நிறுவனம் வாங்கியது. இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்பைச் சிறு பொதிகளில் சுருக்கி அனுப்பும் முறை 2007 இல் வரையறுக்கப்பட்டது. 2014 இல் தொடங்கப்பட்ட திரெட் குழுவின் நெறிமுறை அதனை அடிப்படையாகக் கொண்டது. சிக்பீ கூட்டணி 2021 இல் கனெக்டிவிட்டி ஸ்டாண்டர்ட்ஸ் அலையன்ஸ் எனப் பெயர் மாறியது. அது வெளியிட்ட மேட்டர் என்ற வீட்டுக் கருவிச் சீர்தரத்தின் முதல் பதிப்பு 2022 இல் வந்தது.

இந்தியாவில் அலைவரிசை விதிகள்

இந்தியாவில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்சு வரையிலான பட்டையும், 865 முதல் 867 மெகாஹெர்ட்சு வரையிலான பட்டையும் 2005 இல் உரிமம் தேவைப்படாதவையாக அறிவிக்கப்பட்டன. இரண்டாவது பட்டை 2021 இல் 868 மெகாஹெர்ட்சு வரை நீட்டிக்கப்பட்டது. உரிமம் தேவையில்லை என்றாலும் திறன் வரம்புகளும், கருவி வகைக்கான ஒப்புதலும் உண்டு.

வட அமெரிக்காவுக்கென உருவாக்கப்பட்ட 915 மெகாஹெர்ட்சுக் கூறகங்கள் இந்தியாவுக்கு உரியவை அல்ல. இங்கு அப்பட்டையின் ஒரு பகுதி செல்பேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. கூறகம் வாங்கும் மாணவர்கள் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

குறைபாடுகள்

* மையத்துக்கு அருகிலுள்ள கணுக்கள் மற்ற எல்லாக் கணுக்களின் செய்திகளையும் சுமப்பதால், அவற்றின் மின்கலம் முதலில் தீர்ந்துபோகும்.
* ஒரே தடத்தில் ஒரு கணு ஒரே நேரத்தில் வாங்கவும் அனுப்பவும் இயலாது. எனவே தாவல்கள் கூடக்கூடப் பயனுள்ள வேகம் குறையும்.
* ஒவ்வொரு தாவலிலும் காலத்தாழ்வு ஏற்படும்.
* அண்டைக் கணுக்கள் ஒருசேரப் பழுதடைந்தால் வலையமைப்பு இரண்டாகப் பிளவுபடும்.

மூணாறு நிலச்சரிவு எச்சரிக்கை அமைப்பு

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள மூணாறு, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலைப்பகுதியாகும். தோட்டத் தொழிலாளர்களுள் பெரும்பான்மையோர் தமிழர்கள். மூணாறு நகரை அடுத்த அந்தோணியார் காலனியில் 2005 ஜூலையில் ஏற்பட்ட நிலச்சரிவு உயிர்களைப் பறித்தது. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்த விசுவ வித்யாபீடம் என்ற பல்கலைக்கழகம், மனீஷா வினோதினி ரமேஷ் தலைமையில் இச்சரிவில் உணரி வலையமைப்பு ஒன்றை 2008 இல் நிறுவத் தொடங்கி, 2009 இல் விரிவாக்கியது. ஐரோப்பிய ஆணையத்தின் நிதியுதவி பெற்ற வின்சாக் திட்டத்தின் ஒரு பகுதியாக இது தொடங்கியது.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது மண் துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம் உயர்கிறது. துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடிப்பு இதனால் தளர்கிறது. ஒரு நிலைக்கு மேல் சரிவு தன் எடையைத் தாங்க இயலாமல் நழுவுகிறது. எனவே மழை அளவை மட்டும் பார்த்து எச்சரிப்பதைவிட, மண்ணுக்குள் உள்ள நீரழுத்தத்தை அளப்பது நம்பகமானது. இங்கு ஆழ்துளைகளில் இறக்கப்பட்ட உணரித் தூண்களில் நீரழுத்தமானி, மண் ஈரப்பத உணரி, சாய்வுமானி, திரிபுமானி, நில அதிர்வு உணரி ஆகியவை பொருத்தப்பட்டன.

தொடக்க நிலையில் குராஸ்போ நிறுவனத்தின் மைக்காஇசட் கணுக்கள் பயன்பட்டன. இவை 4 கிலோபைட்டு நினைவகம் கொண்ட 8 பிட்டு நுண்கட்டுப்படுத்தியும் சிசி2420 வானொலிச் சில்லும் உடையவை. நிலவியல் உணரிகள் இத்தகைய சிறு கணுக்களுக்கென உருவாக்கப்பட்டவை அல்ல. எனவே இரண்டையும் இணைக்கும் இடைமுகப் பலகை தனியாக வடிவமைக்கப்பட்டது. மின்கலங்களுக்குச் சூரிய மின்தகடு வழியே மின்னேற்றப்பட்டது.

செய்தி செல்லும் பாதை பின்வருமாறு அமைந்தது.

* உணரித் தூண்களின் கணுக்கள் தம் அளவீடுகளை மேல்நிலைக் கணுக்களுக்கு அனுப்பும்.
* மேல்நிலைக் கணுக்கள் அவற்றைத் தொகுத்து நுழைவாயில் கணுவுக்குக் கடத்தும்.
* அங்கிருந்து வைஃபை வழியே அருகிலுள்ள கள மேலாண்மை மையத்துக்குச் செல்லும்.
* பின்னர் செயற்கைக்கோள் இணைப்பின் வழியே கொல்லம் மாவட்டக் கடற்கரையிலுள்ள அமிர்தபுரி வளாகத்தைச் சேரும்.

செயற்கைக்கோள் இணைப்பு தடைப்பட்டால் பயன்படுத்த மாற்று இணைப்புகளும் வைக்கப்பட்டன. வறண்ட காலத்தில் கணுக்கள் எப்போதாவது மட்டுமே அளவெடுக்கும். மழையும் மண் ஈரமும் குறித்த வரம்பைக் கடந்தால் அடிக்கடி அளவெடுக்கும். இதன்மூலம் மின்சாரம் ஆபத்து நெருங்கும் நேரத்துக்காகச் சேமிக்கப்படுகிறது. எச்சரிக்கை தொடக்கநிலை, இடைநிலை, உடனடி நிலை என மூன்று படிகளில் விடுக்கப்படும்.

2009 ஜூலையில் பெய்த கனமழையின்போது நீரழுத்தம் உயர்வதை உணரிகள் காட்டின. தொலைக்காட்சி வழியாகவும் அரசு அலுவலர்கள் வழியாகவும் எச்சரிக்கை விடப்பட்டது. சரிவில் வாழ்ந்தவர்கள் வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். மழை குறைந்தபின் நீரழுத்தமும் நிலைப்பட்டது. இப்பல்கலைக்கழகம் 2018 இல் சிக்கிம் மாநிலத் தலைநகரான காங்டாக்கை அடுத்த சந்த்மாரியிலும் இத்தகைய அமைப்பொன்றை நிறுவியது.

பெட்டிமுடி நிலச்சரிவு

2020 ஆகஸ்ட் 6 ஆம் நாள் இரவு, மூணாறிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெட்டிமுடியில் நிலச்சரிவு ஏற்பட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள் மண்ணுக்குள் புதைந்தன. 66 உடல்கள் மீட்கப்பட்டன. கிடைக்காத நால்வரையும் சேர்த்து 70 பேர் உயிரிழந்தனர். இவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்ததால் செய்தி மறுநாள் காலையிலேயே வெளியே தெரிந்தது. வழியிலிருந்த பெரியவரைத் தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதால் மீட்புப் பணியும் தாமதமாயிற்று.

இந்நிகழ்வு உணரி வலையமைப்புகளின் இரு எல்லைகளை எடுத்துக்காட்டுகிறது. முதலாவது, உணரி தான் புதைக்கப்பட்ட சரிவின் மண்ணை மட்டுமே அளக்கும். அந்தோணியார் காலனியின் நீரழுத்தம், 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றொரு சரிவின் நிலையைக் கூறாது. ஆழ்துளையிட்டு உணரித் தூண்களை இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் வானொலிக் கூறகத்தின் விலை சிறியது. எனவே மலை முழுவதும் இவ்வமைப்பைப் பரப்புவதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் வானொலி அன்று. இரண்டாவது, மின்கலத்தில் இயங்கும் கண்ணி வலையமைப்பு மின்தடையின்போதும் தொடர்ந்து இயங்கும். ஆயினும் அதன் கடைசிக் கணுவிலிருந்து வெளியுலகுக்குச் செல்லும் இணைப்பு அறுந்தால், அளவீடு மலையிலேயே தங்கிவிடும்.

இவற்றையும் பார்க்க

* கம்பியில்லா உணரி வலையமைப்பு
* சிக்பீ
* நுண்கட்டுப்படுத்தி
* நிலச்சரிவு
* மூணாறு